முதலில் தண்ணீரை வளர்

அன்பின் மகனுக்கு,

மடுல்சீமையில் இருந்துகொண்டு கடல்மீன் தொட்டி வைக்க முடியுமா, முடியுமென்றால் முதலில் எந்த மீனை வாங்குவது என்று கேட்டு எழுதியிருந்தாய். முடியும். ஆனால் உன் இரண்டாவது கேள்வி இரண்டு மாதம் முந்தி வந்துவிட்டது. கடல்மீன் தொட்டி வைக்கிறவர் முதலில் வளர்க்கவேண்டியது தண்ணீரை. புதுத் தொட்டியில் விட்ட மீன்கள் ஓரிரு கிழமைக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாவதற்கு நோயையும் கடைக்காரரையும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அவை எதுவுமில்லை. தண்ணீர் பக்குவப்படுமுன் மீனை விட்டதுதான்.

பக்குவம் என்று நான் சொல்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை. மீனின் கழிவிலிருந்தும், அது தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. திறந்த கடலில் அது கரைந்து போய்விடும். இருநூறு லீட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் கிடையாது. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அந்த நைத்திரைற்றை ஓரளவு தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றவேண்டும். தேயிலை மலையில் வளர்ந்த உனக்கு இதை விளக்குவது கடினமில்லை. செடிக்கடியில் போடுகிற யூரியா மண்ணில் அமோனியாவான பிறகு, அதை நைத்திரேற்றாக மாற்றுவதும் இதே வகைப் பற்றீரியாக்கள்தான். தொட்டியில் அவை கல்லிலும் மணலிலும் வடிகட்டியிலும் ஒட்டிப் பெருக நான்கிலிருந்து ஆறு கிழமை ஆகும்; குளிர்ந்த இடத்தில் எட்டும் ஆகலாம். நன்னீர்த் தொட்டியில் கொஞ்சம் அவசரப்பட்டாலும் மீன் தாங்கிக்கொள்ளும், கடல்நீரில் தாங்காது. கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை காரத்தன்மை உடையது. அந்த நிலையில் அமோனியாவின் நச்சு வடிவம், பி.எச். 7 ஆக உள்ள நன்னீரில் இருப்பதைவிடச் சுமார் பத்து மடங்கு கூடுதலாக இருக்கும். ஆகவே உப்புநீர், கல், மணல், பம்பு, ஹீட்டர் எல்லாம் வைத்து, மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன்தீனி போட்டுவா. அழுகும் தீனிதான் பற்றீரியாவுக்குச் சாப்பாடு. சோதனைப் பெட்டியில் அமோனியா ஏறி இறங்கும். நைத்திரைற்றும் அப்படியே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தைத் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதிவை.

பற்றீரியாவைப் போத்தலில் அடைத்து விற்கிறார்களே, அதை ஊற்றினால் மறுநாளே மீன் விடலாமாமே என்று கேட்பாய். நல்ல போத்தல் கிடைத்தால் காத்திருக்கும் காலம் குறையக்கூடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போத்தலுக்குள் இருப்பவை வெயிலிலும் நாட்பட்ட இருப்பிலும் செத்துப் போகக்கூடிய உயிர்கள். கொழும்பிலிருந்து பசறை வழியாக மலையேறி வந்து சேரும்போது எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதை லேபல் சொல்லாது. ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் தீர்ப்புச் சொல்லவேண்டியது சோதனைப் பெட்டிதான்.

கடற்கரையில் இருப்பவனுக்கு இது எளிது, மலையில் இருப்பவனுக்குத்தான் கஷ்டம் என்பது உன் கடிதம் முழுக்க ஓடுகிற எண்ணம். பாதிதான் சரி. லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, கல்குடாவில் கேன் கேனாகக் கடல்நீர் அள்ளிக்கொண்டு ஏறலாம். ஆனால் கரையோர நீரில் கழிவும் படகு எண்ணெயும் மழைக்காலத்து ஆற்றுநீரும் கலந்திருக்கும். அதை நம்பி ஒவ்வொரு கிழமையும் தண்ணீர் மாற்ற முடியாது. கடலோர ஊர்களிலேயே பலர் தொட்டிக்கென்று தயாரித்த உப்பைத்தான் கரைக்கிறார்கள். லீட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் இருநூறு லீட்டருக்கு ஏழு கிலோ உப்பு வேண்டும். கிழமைக்குப் பத்திலொரு பங்கு நீரை மாற்றினால் ஆண்டுக்கு இன்னும் முப்பத்தாறு கிலோ. தொட்டியின் விலையைக் கேட்கும்போதே இந்தக் கணக்கையும் போட்டுப் பார். கடையில் கிடைக்கிற ஆனையிறவு, அம்பாந்தோட்டை உப்பைக் கரைத்தால் என்ன என்ற எண்ணம் வரும். உப்பளத்தில் பாத்திகட்டி விளைவிப்பதே சோடியம் குளோரைட்டைத் தனியே பிரிக்கத்தான். மகனீசியத்தின் பெரும்பகுதி கசப்புநீரில் நின்றுவிடும், கல்சியம் அதற்கு முன்பே படிந்துவிடும். அந்த உப்பைக் கரைத்தால் நாக்குக்குக் கடல்நீர் போலத் தோன்றும், மீனின் உடலுக்கு அது வேறு நீர்.

உப்பைவிட நம் ஊரில் அதிகம் யோசிக்கவேண்டியது அதைக் கரைக்கிற தண்ணீரைப் பற்றி. பீலித் தண்ணீர் குடிக்கச் சுவையாக இருக்கலாம். ஆனால் அது தேயிலை மலைக்கடியிலிருந்து ஊறி வருகிறது. உரத்தின் நைத்திரேற்று அதில் இருக்கலாம். 1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்துசேர்ந்த கொப்புள நோய்க்கு அடிக்கப்பட்ட மருந்துகளில் முதன்மையானது செம்பு கலந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத அளவு செம்புகூடக் கடல் இறாலையும் நத்தையையும் முருகைக்கல் உயிரையும் கொன்றுவிடும். மழைநீரைப் பிடிக்கலாம் என்றால், லயத்துத் தகரக் கூரை நாகம் பூசியது. அதுவும் நீரில் இறங்கும். ஆகவே ஆர்.ஓ. முறையில் வடித்த நீரைத்தான் வாங்கவேண்டும். சிறுநீரக நோயால் பாதிக்கப்பட்ட நமது மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கத்தில் குடிநீருக்காக அந்த இயந்திரங்களை நிறுவியிருக்கிறார்கள். அங்கே மனிதருக்குப் போகவேண்டிய நீரில் நீ கைவைக்காதே. பதுளையில் விலைக்கு விற்பவரிடம் வாங்கு. தொட்டியில் நீர் ஆவியாகிக் குறையும்போது உப்பு அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நன்னீரைத்தான் ஊற்றவேண்டும், உப்புநீரை ஊற்றினால் செறிவு ஏறிக்கொண்டே போகும். பலர் தவறுகிற இடம் இது.

மலையின் குளிரை ஹீட்டர் பார்த்துக்கொள்ளும். 25 பாகையில் நிறுத்தினால் போதும். காற்றைத்தான் நீ கணக்கில் எடுக்கவில்லை. ஒரே வெப்பத்தில் கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்த ஒட்சிசனையே தாங்கும். ஆயிரம் மீற்றர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் அதிலும் பத்திலொரு பங்கு போய்விடும். ஆகையால் நீரின் மேற்பரப்பு எந்நேரமும் கலங்கிக்கொண்டிருக்கவேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரே நாளில் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு இருந்தது. மண்சரிவில் கம்பம் விழுந்தால் இங்கே இன்றும் அப்படி ஆகலாம். பற்றரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை மீனுக்கு முன்பே வாங்கிவை. சின்னத் தொட்டியில் தொடங்கினால் செலவு குறையுமே என்கிறாய். செலவு குறையும், ஆபத்து கூடும். இருபது லீட்டரில் ஒரு மீன் செத்து அழுகினால் முழு நீரும் கெடும். ஒரு குளிர் இரவில் ஹீட்டர் நின்றால் விடியுமுன் வெப்பம் இறங்கிவிடும். இருநூறு லீட்டர் உனக்கு யோசிக்க நேரம் தரும்.

இனி மீன். நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்தவை. கடல் அலங்கார மீன்களோ பெரும்பாலும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவை. இலங்கையின் கடல்மீன்கள் 1930களிலேயே வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் போகத் தொடங்கின. முருகைக்கல்லின் மேல் போர்த்தி மீனை மறிக்கிற மொக்சி வலை கல்லையும் உடைக்கும் என்பதால் இங்கே தடைசெய்யப்பட்டது. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டியிலும் முருகைக்கற்கள் வெளிறிச் செத்தன. அந்தக் கல்லை நம்பி வாழும் மீன்களுக்கு இன்னொரு சுமையை நாம் ஏற்றக்கூடாது. இங்கிலாந்தில் 1850களில் பிலிப் ஹென்றி கோஸ் கடல்தொட்டி வைக்கும் ஆசையை ஊரெங்கும் பரப்பினார். வாளியோடு கரைக்கு வந்தவர்கள் பாறைக் குட்டைகளை வெறுமையாக்கியதை அவரது மகனே 1907இல் வருந்தி எழுதினார்.

சுழியோடிப் பிடிக்கிறவரும் ஏழைதானே, நாம் வாங்காவிட்டால் அவர் என்ன செய்வார் என்ற கேள்வியை நான் தள்ளிவிடமாட்டேன். பிடிக்கிறவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் முருகைக்கல்லையே தின்று வாழும் வண்ணத்துப்பூச்சி மீனும், மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைத் தின்னும் துப்புரவு மீனும், நீல உடலும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் கறுத்த முகமுமாக நீண்ட தூரம் நீந்தித் திரியும் மீனும் தொடங்குபவரின் தொட்டியில் பட்டினியாலோ நெருக்கடியாலோ சாகும். செத்த மீனுக்குப் பதில் இன்னொன்று என்று வாங்குவது அவருக்கும் நிலையான வருமானம் ஆகாது. கடல் காலியாகும்போது முதலில் தொழில் இழப்பவர் அவர்தான். நீ வாங்கவேண்டியது குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன், அதுவும் இரண்டே இரண்டு. பிறந்ததிலிருந்தே தொட்டி நீரும் உலர்தீனியும் பழகிய மீன் அது. நன்றாகப் பார்த்தால் பத்தாண்டுக்கு மேல் வாழும். அக்கரையில், இந்தியாவின் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்திலுள்ள கிளை கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனம்பெருக்கிக் காட்டியிருக்கிறது. தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரைக் கப்பலேற்றுமுன் மறித்து வைத்த முகாம் இருந்த அதே மண்டபம்தான். முருகைக்கல்லை மட்டும் இப்போது நினைக்காதே. உயிருள்ள முருகைக்கல்லை நமது கடலிலிருந்து பெயர்ப்பது குற்றம். யாராவது ஒரு துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்.

இவ்வளவு பாடுபடுவதற்குக் கப்பி மீன் வளர்த்துவிட்டுப் போகலாமே என்று வீட்டில் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு. கிழமைதோறும் நீர் மாற்றுவதும் சோதிப்பதும் கொப்பியில் எழுதுவதும் உன்னால் முடியுமா என்று கப்பித் தொட்டியில் ஆறு மாதம் பார். சலிக்கிறதென்றால் அங்கேயே நின்றுவிடு. அதில் வெட்கப்பட எதுவுமில்லை, கடலுக்கும் நட்டமில்லை. சலிக்கவில்லை என்றால் உப்பு வாங்கு, வெறுந்தொட்டியைத் தொடங்கு. அமோனியாவும் நைத்திரைற்றும் தொடர்ந்து ஏழு நாள் பூச்சியம் காட்டிய பிறகு அந்தக் கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. மீன் எங்கே வாங்குவது என்பதை அன்றைக்குப் பேசுவோம்.

அன்புடன்,
உன் பெரியப்பா