காசநோய்: மருந்தைத் தொடங்குவதும் முடிப்பதும்

இம்முறை நாம் அறிந்துகொள்ள எடுத்த விடயம் சயரோகம் எனும் காசநோய்.

இந்நோய் உலகெங்கும் ஆண்களையே அதிகம் பிடிக்கிறது. 2023 இல் நோயுற்றோரில் ஏறக்குறைய 55 வீதமானோர் வயதுவந்த ஆண்கள். ஆயினும் “வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை”, “சனம் என்ன சொல்லும்” என்று வைத்தியரிடம் பிந்திப் போகிறவர்களும் அவர்களே.

சிகிச்சை வழமையாக ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்துகள். சில வாரங்களிலேயே இருமல் குறைந்து உடம்பு தேறும். கவனமாக இருக்கவேண்டிய காலம் இதுதான். சுகம் வந்துவிட்டதென்று குளிசையை நிறுத்தினால் மிஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகும். மருந்துக்கு அடங்காதவையாகவும் மாறலாம்.

1956 இல் சென்னையில் தொடங்கிய ஆய்வொன்றில், நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்து மருந்தெடுத்தவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமடைந்தனர். ஆனால் அவர்களைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று, மீதிக் குளிசைகளை எண்ணிப் பார்த்தார்கள். ஓய்வையும் நல்ல சாப்பாட்டையும்விட, ஒழுங்காக மருந்தெடுப்பதே முக்கியம் என்பது அதனால் தெளிவாயிற்று.

அந்தத் துணையை நாமும் கொடுக்கலாம். மூன்று வாரம் கடந்த இருமல், இரவு வியர்வை, மெலிவு இருந்தால் அண்ணனோ மாமாவோ, கூட்டிக்கொண்டு போவோம். இங்கிலாந்தில் விசா நிலை எதுவாயினும் இச்சிகிச்சை இலவசம். சரியான மருந்து தொடங்கி இரண்டு வாரமளவில் தொற்றும் தன்மை பெரும்பாலும் நீங்கிவிடும். பின்னர் அவரை ஒதுக்கத் தேவையில்லை. வைத்தியர் “போதும்” என்று சொல்லும்வரை, தினமும் குளிசை எடுக்கும் நேரத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்போம்.