கண்ணாடி ஜன்னல் ஓரம் ஓர் ஆமை

மும்பை நகரம். அங்கே ஓர் ஆட்டோ ஓட்டுநர் குடும்பம். ஒரே அறை உள்ள வீடு. மூத்த மகளுக்கு ஒன்பது வயது. இளையவன் இரண்டு வயதுப் பையன்.

மகளின் பிறந்த நாளுக்கு அப்பா ஓர் ஆமைக் குஞ்சு வாங்கி வந்தார். பச்சை நிறம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடு. கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம்.

"இது இவ்வளவுதான் வளரும். செலவே கிடையாது. வீட்டில் பணமும் சேரும்" என்றார் கடைக்காரர்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். வேறு பல நகரங்களில் ஆமை வந்தால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். ஒரு பேச்சால் அடிபடுகிறது. ஒரு பேச்சால் டப்பாவில் அடைபடுகிறது. இரண்டிலும் கஷ்டம் ஆமைக்குத்தான்.

அந்த வீட்டில் ஆமைக்குச் சோறு போட்டார்கள். ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள். ஆமையும் தின்றது. எட்டு மாதம் ஆனது. பிறகு அது தின்னவில்லை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. மகள் ஓட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஓடு மெத்தென்று அமுங்கியது.

"அப்பா, ஆமைக்கு ஓடு கல் மாதிரி இருக்குமே? இது ஏன் இப்படி இருக்கு?"

அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் ஒரு சவாரியை விட்டுவிட்டு, மகளோடு கால்நடை மருத்துவரிடம் போனார்.

மருத்துவர் ஓர் அம்மா. ஆமையைத் திருப்பிப் பார்த்தார்.

"வெயில் படுமா?" என்று கேட்டார்.

"ஜன்னல் ஓரம்தான் வைத்திருக்கிறோம் டாக்டரம்மா. கண்ணாடி வழியாக நன்றாக வெளிச்சம் வரும்."

"அங்கேதான் தவறு. கண்ணாடி வழியாக வெளிச்சம் வரும். சூடு வரும். ஆனால் ஆமைக்கு வேண்டிய புற ஊதாக் கதிர் வராது. அந்தக் கதிர் உடம்பில் பட வேண்டும். பட்டால்தான் வைட்டமின் 'டி' உண்டாகும். அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஆமையின் ஓடு என்பது என்ன? அதுவும் எலும்புதான். விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ந்து ஓடாகி இருக்கின்றன. அதனால்தான் சத்து குறைந்ததும் ஓடு மெத்தென்று ஆகிவிட்டது."

கண் வீங்கியதற்கும் காரணம் சொன்னார். சோற்றிலும் ரொட்டியிலும் வைட்டமின் 'ஏ' இல்லை. அந்தச் சத்து இல்லாமல் போனால் ஆமையின் கண் வீங்கும். ஊசி போட்டார். சொட்டு மருந்து கொடுத்தார். பிறகு வளர்க்கும் முறையைச் சொன்னார்.

பெரிய தொட்டி வேண்டும். ஆமை நீந்தும் அளவுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை விட்டு முழுதாக வெளியே ஏறி உட்கார ஒரு செங்கல்லோ கல்லோ வேண்டும். நம் உடம்பின் சூடு எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கிறது. ஆமைக்கும் பாம்புக்கும் பல்லிக்கும் அப்படி இல்லை. சூடு வேண்டும் என்றால் அவை வெயிலுக்கு வர வேண்டும். சூடு அதிகமானால் நிழலுக்குப் போக வேண்டும். காட்டில் அவையே நகர்ந்து கொள்ளும். தொட்டியில் எங்கே போகும்? ஆகையால் தொட்டியில் ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் நிழல் இருக்க வேண்டும். முழு வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனால் ஆமை வெந்து செத்துப்போகும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் மருந்து இருக்கும். பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்றுவது நல்லது. தீனிக்குச் சின்ன மீன், மண்புழு, கீரை, காரட் துருவல் கொடுக்கலாம். வளர வளரக் கீரையை அதிகமாக்க வேண்டும். இந்த ஆமை தண்ணீருக்குள் இருந்தால்தான் தீனியை விழுங்கும்.

"டப்பாவை எங்கே கழுவுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார்.

"அவள் அம்மா பாத்திரம் கழுவும் இடத்தில்தான்."

"இனிமேல் வேண்டாம். ஆமையின் உடம்பில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். அது ஆமையை ஒன்றும் செய்யாது. நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். சின்னக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் இப்படிப் பல குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். அதனால் அங்கே 1975இல் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆமைகளை விற்கத் தடை போட்டார்கள்."

அப்பாவுக்கு இரண்டு வயது மகனின் ஞாபகம் வந்தது. ஆமையைத் தொட்ட கையை அவன் எத்தனை முறை வாயில் வைத்தானோ!

"அப்படியானால் ஏரியில் விட்டுவிடலாமா டாக்டரம்மா?"

"விடக் கூடாது. இது நம் நாட்டு ஆமை இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து ஆமை. ஏரியில் விட்டால் நம் நாட்டு ஆமைகளின் இரையையும் இடத்தையும் பிடுங்கிக் கொள்ளும். 2018இல் அசாமில் குவாஹாட்டி நகரத்துக் கோயில் குளம் ஒன்றில் இந்த ஆமையைக் கண்டார்கள். யாரோ வளர்க்க முடியாமல் விட்டிருக்க வேண்டும்."

அடுத்த வீட்டுக்காரரும் ஓர் ஆமை வைத்திருந்தார். அதன் முதுகில் மஞ்சள் நட்சத்திரம் இருக்கும். அதைத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்திருந்தார். அப்பா அதையும் சொன்னார். மருத்துவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது நட்சத்திர ஆமை! காய்ந்த புல் காட்டில் வாழ்வது. அதற்கு நீந்தத் தெரியாது. வாளியில் மூழ்கியே செத்துப்போகும். அது நம் நாட்டுக் காட்டு உயிர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 2022இல் அதைத் திருத்தி, நட்சத்திர ஆமையை முதல் பட்டியலில் சேர்த்தார்கள். வீட்டில் வைத்திருந்தால் சிறைத் தண்டனை உண்டு. உடனே வனத்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பச்சைக்கிளிக்கும் இந்தச் சட்டம் உண்டு. இகுவானா போன்ற சில வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த விதி 2024இல் வந்தது."

அப்பா ஆமையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மருத்துவர் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"இது எவ்வளவு வளரும் தெரியுமா? சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். நன்றாக வளர்த்தால் 30 வருஷம் இருக்கும். அப்போது உனக்கு எத்தனை வயது?"

மகள் விரல் விட்டு எண்ணினாள். "முப்பத்தொன்பது!"

"கல்யாணமாகிப் போகும்போது இதையும் எடுத்துப் போவாயா?"

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலில் நின்று பெரிய தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மகள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். மேஸ்திரியிடம் கேட்டு ஒரு செங்கல் வாங்கிக்கொண்டாள்.