டயாலிசிஸ் செய்பவருக்கு இரத்தம் ஏன் ஊறுவதில்லை?



ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா பக்கமெல்லாம் ஒருவர் முகம் வெளுத்திருந்தால், “முருங்கைக்கீரை ஆக்கிப் போடு, பேரீச்சம்பழம் கொடு” என்பதுதான் நம் வீட்டு வைத்தியம். செருப்பில்லாமல் வேலைக்காட்டுக்குப் போய்க் கொக்கிப்புழு ஏறிய காலத்தில், பூச்சி மருந்தும் இரும்பு மாத்திரையும் கொடுத்தால் ஆள் தேறிவிடுவார். டயாலிசிஸ் செய்பவர் கதை வேறு. கீரை, பேரீச்சம்பழம், இளநீர் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியேற்றாது. இரத்தத்தில் அது ஏறினால் இருதயமே நின்றுவிடலாம்.

சரி, இரத்தம் ஏன் குறைகிறது? சிறுநீரகத்தின் வேலை மூத்திரம் பிரிப்பது மட்டுமல்ல. இரத்த அணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லும் எரித்ரோபொயட்டின் என்ற சுரப்பும் அங்கிருந்துதான் வருகிறது. சிறுநீரகம் போனால் அதுவும் போச்சு. 1977-ல் சிகாகோவில் கோல்ட்வாசர், மியாக்கே என்ற இரு விஞ்ஞானிகள், நோயாளிகளின் 2,500 லிட்டருக்கும் அதிகமான சிறுநீரிலிருந்து இந்தச் சுரப்பைப் பிரித்தெடுத்தார்கள். (அந்தப் பொறுமையை நினைத்துப் பாருங்கள்!) 1989-ல் அமெரிக்காவில் ஊசி மருந்தாக அனுமதி கிடைத்தது. ஈப்போ ஊசி என்று நாம் சொல்வது இதைத்தான்.

“டிரசர் ஐயா, ஊசி போட்டும் ரத்தம் ஏறலையே?” என்று கேட்கிறார்கள். கொத்தனார் வந்து நின்றால் மட்டும் சுவர் எழும்புமா, கல் வேண்டாமா? அந்தக் கல்தான் இரும்புச் சத்து. நம் உடம்பில் மொத்தமே 3, 4 கிராம் இரும்புதான். குழாயிலும் வடிகட்டியிலும் தங்கிப்போகும் இரத்தத்தோடு வருஷத்துக்கு 1 முதல் 2 கிராம் வரை போய்விடுகிறது. மாத்திரை விழுங்கினாலும் இவர்களுடைய குடல் அதைச் சரியாக ஏற்பதில்லை. அதனால்தான் டயாலிசிஸ் நேரத்திலேயே இரத்தக் குழாய் வழியாக இரும்பு மருந்து ஏற்றுகிறார்கள். காய்ச்சலோ, ஊசி போடும் இடத்தில் சீழோ இருந்தால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்போது இரும்பு ஏற்றக்கூடாது.

இரத்தச் சோதனை எடுத்தால் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஃபெரிட்டின் எவ்வளவு என்று நர்ஸிடம் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். ஹீமோகுளோபின் 10, 11 அளவில் இருந்தால் போதும். “எனக்கும் 14 ஆக்குங்க” என்று கேட்காதீர்கள். ஊசியால் அளவுக்கு மேல் ஏற்றினால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். ஊசி போடும் நாட்களில் தலைவலி வந்தால் பிரஷர் பார்க்க வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“ஒரு போத்தல் ரத்தம் ஏத்துங்க” என்று அவசரப்படவும் வேண்டாம். உயிருக்கு ஆபத்தென்றால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் பிறர் இரத்தம் அடிக்கடி ஏறினால் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகி, பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும்.

ஊசிச் செலவுக்குப் பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. சொக்சோவில் சந்தா கட்டியவர்களில் தகுதியுள்ளவர்களுக்கு டயாலிசிஸ் உதவி கிடைக்கும். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் உங்கள் சங்கக் கிளைச் செயலாளரைப் பாருங்கள்.