கயிறு பிடிக்கும் கை



நம் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆயினும் அதன் ஒழுங்கைப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். குளிகாரர் கல்லின் பாரத்தால் அடியில் இறங்குவார். தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்து நிற்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுக்க வேண்டும். மூழ்கியவரின் மூச்சு, மூழ்காதவரின் கையில்!

சினிமா நல்லதற்கும் உதவும் கருவி என்று 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் போதித்தார். ஆகவே, துன்பத்தில் உழல்வோரைக் காட்டும் புதிய படங்களைப் பார்க்கையில், இந்தக் கயிற்றை நினைவில் வைப்போமாக.

2024-இல் வெளிவந்த 'வாழை' நம் மாவட்டத்துக் கதை. புளியங்குளத்தைச் சேர்ந்த மாரி செல்வராஜ் தம் பிள்ளைப் பிராயத்து அனுபவத்தைக் கொண்டு எடுத்தது. வாழைத்தார் சுமக்கும் ஏழைகள் கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். வியாபாரி சம்மதிக்கிறார், ஆனால் அந்தச் செலவை ஈடுகட்ட, அவர்கள் ஊர் திரும்பத் தனி வண்டி விடாமல், லாரியில் ஏற்றிய தார்களின் மேலேயே உட்காரச் செய்கிறார். லாரி கவிழ்கிறது, உயிர்கள் போகின்றன. அதே நாளில், பசி தாளாமல் ஒரு தோட்டத்தில் பழம் பறித்த சிறுவன் அடிபடுகிறான். பழம் எடுத்ததைத் திருட்டு என்கிறோம். வண்டியை நிறுத்தியதற்கு என்ன பெயர்? சிக்கனம் என்றல்லவா சொல்லிக்கொள்கிறோம்!

அதே ஆண்டில் வந்த மலையாளப் படமான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மற்றொரு கையைக் காட்டுகிறது. இது 2006-இல் கொடைக்கானல் குணா குகையில் மெய்யாகவே நடந்தது. கொச்சி அருகிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் ஆழமான குழியில் விழுந்துவிட்டார். மற்றவர்கள் அவரைக் கைவிட்டுப் போகவில்லை. சிஜு டேவிட் என்ற நண்பர் கயிற்றைக் கட்டி இறங்கினார், மேலே நின்றவர்கள் இழுத்தார்கள், இருவரும் பிழைத்தார்கள்.

வறியவன் பசியில் என்ன செய்கிறான் என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எளிது. பசியில்லாதவன் என்ன செய்தான் என்பதே முந்திய கேள்வி. தோணி வைத்திருப்போர், உப்பளத்திலும் லாரியிலும் ஆள் வைத்து வேலை வாங்குவோர், வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்தியிருப்போர், எல்லார் கையிலும் ஒரு கயிறு இருக்கிறது.

படம் பார்த்தபின் குடும்பமாகப் பேச:

1. வியாபாரி மிச்சம் பிடித்தது எவ்வளவு? அதற்கு விலை கொடுத்தது யார்?

2. நண்பர் குகையில் இறங்கியிராவிட்டால் அவரை யாரேனும் குறை சொல்லியிருப்பார்களா? பின் ஏன் இறங்கினார்?

3. நம் வீட்டுக்கு உழைப்பவர் இரவில் எப்படி வீடு திரும்புகிறார்?

மூன்றாவது கேள்விக்கு விடை தெரியாதவர்கள் நாளைக்கே அவரிடம் கேட்டு அறிவார்களாக.