எப்பாக்ஸி பட்டி வேலை: கைகளையும் நுரையீரலையும் காத்துக்கொள்ளுங்கள்

படகின் உடற்பகுதியில் உள்ள கீறல்களையும் பள்ளங்களையும் எப்பாக்ஸி பட்டியால் நிரப்பி, தேய்த்துச் சமன்செய்த பிறகே சாயம் பூசுகிறோம். இந்த வேலையில் நீங்கள் மறக்கக்கூடாதது ஒன்று: இறுகாத எப்பாக்ஸி உங்கள் தோலில் படவோ மூச்சில் கலக்கவோ கூடாது.

ஏன் கவனம் தேவை?

எப்பாக்ஸி பிசினும் அதனுடன் கலக்கும் ஹார்டனரும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியவை. தொடக்கத்தில் எதுவும் தெரியாது. பல மாதங்கள், ஏன், பல ஆண்டுகள் வேலை செய்த பிறகும் ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பொதுவாக அது வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பின்னர் சிறிதளவு பட்டாலே தோல் சிவந்து, அரித்து, கொப்பளிக்கும். விரல்களில் புண் இருந்தால் சோறு பிசைந்து உண்பதுகூடச் சிரமம். பழகிய தொழிலையே விட நேரலாம்.

கலக்கும்போது

• டின்னில் குறிப்பிட்டுள்ள அளவுப்படியே இரண்டையும் கலக்குங்கள். ஹார்டனரைக் கூட்டினால் பட்டி விரைவில் இறுகாது. சரியாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும்.
• சிறிது சிறிதாகக் கலக்குங்கள். டப்பாவில் நிறையக் கலந்து வைத்தால் சூடேறிப் புகையலாம். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.
• நைட்ரைல் கையுறை, கண் பாதுகாப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை அணியுங்கள். துணிக் கையுறை பிசினை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும்.

பூசும்போது

பட்டி இளகியிருக்கும்போதே தகட்டால் நன்றாக இழுத்துச் சமன்செய்யுங்கள். இப்போது மேடுகள் குறைந்தால், பிறகு தேய்க்க வேண்டியதும் குறையும், தூசியும் குறையும்.

தேய்க்கும் முன்

• டின்னில் குறிப்பிட்ட நேரம் முடியும்வரை காத்திருங்கள். உப்புத்தாளில் பட்டி பசைபோல் ஒட்டினால் அது இன்னும் இறுகவில்லை. உடனே நிறுத்துங்கள். அந்தத் தூசி தோலுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல்.
• ஈரப்பதம் மிகுந்த நம் வானிலையில், இறுகிய பட்டியின்மேல் மெழுகுபோன்ற படலம் படியலாம். கையுறை அணிந்து, தண்ணீராலும் தேய்ப்புப் பஞ்சாலும் கழுவித் துடைத்துவிடுங்கள். படலம் இருந்தால் சாயமும் சரியாகப் பிடிக்காது.

தேய்க்கும்போது

• முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். சாதாரண அறுவை முகக்கவசம் நுண்தூசியைத் தடுக்காது.
• தூசி உறிஞ்சியுடன் இணைத்த இயந்திரத்தைப் பயன்படுத்துங்கள். 80 எண் உப்புத்தாளில் தொடங்கி, 120 எண்ணுக்கு மாறுங்கள்.
• வழவழப்பை வெறுங்கையால் தடவிப் பார்க்காதீர்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். மேடுபள்ளம் நிழலாகத் தெரியும்.
• பாசி தடுக்கும் பழைய சாயத்தில் செம்பும் வேறு நச்சுப்பொருள்களும் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்க்கவும்.
• உடையிலுள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள்.

சாயம் பூசும்போது

என்95 முகக்கவசம் தின்னர் ஆவியைத் தடுக்காது. அதற்குரிய வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டுப் பெறுங்கள்.

வேலை முடிந்ததும்

தின்னரால் கை கழுவவே கூடாது. அது தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி, பிசின் உள்ளே ஊடுருவ வழிசெய்யும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும். உண்ணும் முன்பும், புகைபிடிக்கும் முன்பும், கழிவறைக்குச் செல்லும் முன்பும் கை கழுவுங்கள். வேலை உடைகளைத் தங்கும் விடுதியில் மற்ற துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

இந்த அறிகுறிகள் உள்ளனவா?

• விரலிடுக்கு, மணிக்கட்டு, கண்ணிமை ஆகிய இடங்களில் அரிப்பு, சிவப்பு, கொப்புளம்
• இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் ஒலி. விடுமுறை நாளில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் மீண்டும் வருதல்

களிம்பு பூசிக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். மேற்பார்வையாளரிடம் சொல்லி, மருத்துவரைப் பாருங்கள். என்ன பொருளைக் கையாள்கிறீர்கள் என்பதைக் கூறுங்கள். டின்னின் படத்தைக் காட்டுங்கள். வேலையால் வந்த தோல் நோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் நீங்கள் இழப்பீடு கோரலாம்.

கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் 995ஐ அழையுங்கள்.

படகின் கீறலை மறுபடியும் நிரப்பலாம். உங்கள் உடல்நலத்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.