மலைக் குளிரில் வண்டி ஓட்டப்போகும் கயலுக்கு

அன்புள்ள கயல்விழி,

ஊட்டியில் வேலை, குன்னூரில் வீடு, போகவர மோட்டார் சைக்கிள்தான் என்று முடிவெடுத்துவிட்டாய். பஸ்ஸில் போகச் சொல்லி அண்ணி உன்னோடு மல்லுக்கட்டுவதையும் எழுதியிருக்கிறாய். இந்த வழக்கில் நான் உன் பக்கம். அண்ணியிடம் நானே பேசுகிறேன். ஆனால் நீ மதுரையில் ஓட்டிப் பழகியவள். அந்த வெயிலில் பழகிய கையோடு ஐப்பசி மழையில் நீலகிரிச் சாலைக்கு வந்தால் முதலில் கற்க வேண்டியது சில உண்டு. அதே சாலையில் பல வருடம் ஆபீஸ் போய்வந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மழையில் வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் வழுக்கலில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதைவிடக் கவலை குளிர். வழுக்கும் என்று தெரிந்தால் யாரும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். குளிர் உன்னிடம் சொல்லிக்கொண்டு வராது.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். 20 கிலோமீட்டருக்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் ஏறுகிறாய். வீட்டு வாசலில் இருந்த குளிரைவிட ஆபீஸ் வாசலில் இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே குளிரும். அதன்மேல் காற்று. 10 டிகிரி இருக்கும் காலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உன் தோலுக்கு அது 6 டிகிரி. 5 டிகிரி காலையென்றால் பூஜ்ஜியத்துக்கும் கீழே. இந்தக் கணக்கு உலர்ந்த உடம்புக்கு மட்டும்தான். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, நனைந்த துணி காற்றில் உலர்வதற்கு வேண்டிய சூட்டையும் உன் உடம்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும்.

அப்போது உடம்பு என்ன செய்யும்? இதயத்தையும் மூளையையும் காப்பாற்ற, கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். முதலில் மரத்துப்போவது விரல் நுனி. முன்பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறோம் என்று உனக்குச் சொல்வதே அந்த விரல் நுனிதான். அது மரத்துவிட்டால் ஒன்று தாமதமாகப் பிடிப்பாய், அல்லது ஒரேயடியாக இறுக்கிவிடுவாய். ஈரச் சாலையில் இரண்டுமே கீழே தள்ளும். இன்னும் குளிர்ந்தால் புத்தியும் மந்தமாகும். சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று தோன்றி ஆக்சிலரேட்டரை முறுக்கத் தொடங்குவாய். ஆகவே உன் உடம்பை உலர்வாக வைத்துக்கொள்வதும் பிரேக்கைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்ததுதான். இந்தக் கடிதத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதே.

உடையில் பருத்தியை நம்பாதே. நனைந்த பருத்தி பனியன் சாயங்காலம் வரை ஈரத்தை விடாது. உள்ளே உடலோடு ஒட்டிய தெர்மல் பனியன், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் காற்றுப் புகாத ஜெர்கின், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்கோட்டு. ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில் திபெத்தியர்கள் கடை போட்டிருக்கிறார்கள். ஸ்வெட்டருக்கு அங்கே போ. மழைக்கோட்டு சட்டை தனி, பேன்ட் தனி என்று இருக்க வேண்டும்; ஜெர்கினுக்கு மேலே போடத் தோதாக ஒரு அளவு பெரிதாக வாங்கு. தலைவழியே மாட்டிக்கொள்ளும் அங்கி மாதிரியான கோட்டு நடப்பவர்களுக்குரியது. காற்றில் பறந்து சக்கரத்திலோ செயினிலோ சிக்கும். துப்பட்டாவுக்கும் சால்வைக்கும் இதே பேச்சுத்தான். கழுத்துக்கு மஃப்ளர் போட்டால் இரண்டு நுனிகளையும் ஜெர்கினுக்குள் செருகி ஜிப்பை மேலே வரை இழுத்துவிடு.

சிக்கனம் பார்க்கக் கூடாத பொருள் கையுறை. தண்ணீர் புகாத நல்ல கையுறை வாங்கும்வரை, கம்பளிக் கையுறைக்கு மேலே பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் கையுறையில் பெரிய அளவை மாட்டிக்கொள்ளலாம். பார்க்க எப்படி இருந்தாலும் விரல் உலர்ந்திருக்கும். பிரேக்கும் கிளட்ச்சும் சிரமமில்லாமல் பிடிக்க வருகிறதா என்று வண்டியை எடுப்பதற்கு முன் சோதித்துப் பார். மழைக்கோட்டின் கை கையுறைக்கு வெளியே வரட்டும். உள்ளே போனால் முழங்கையிலிருந்து வழியும் தண்ணீர் எல்லாம் விரலுக்கு வந்து சேரும். ஒரு ஜோடி காய்ந்த கையுறையும் சாக்ஸும் பாலித்தீன் பையில் கட்டி எப்போதும் பைக்குள் இருக்க வேண்டும். திடீரென்று குளிர் ஏறிய நாளில் ஒரு செய்தித்தாளை மடித்து ஜெர்கினுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள். காற்றை அது எப்படித் தடுக்கிறது என்பதை அனுபவித்தால்தான் நம்புவாய்.

ஹெல்மெட் முகம் முழுவதையும் மூடும் வகையாக, ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கட்டும். மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கினால் மிதமான வேகத்தில் அதை ஒரு விரல் கனம் திறந்து வைத்தாலே தெளிந்துவிடும். முந்தின இரவே பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியை உட்பக்கம் தடவி, மெல்லிய துணியால் சுத்தமாகத் துடைத்தெடுத்தாலும் பலன் உண்டு. கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். சாயங்காலம் அதே கண்ணாடியோடுதான் திரும்ப வேண்டும்.

சாயங்காலம் என்றதும் சொல்ல வேண்டியது வந்துவிட்டது. காலையில் நீ ஏறுகிறாய், உடம்பில் தெம்பு இருக்கிறது. திரும்பும்போது இறக்கம், இருட்டு, அசதி. வடகிழக்குப் பருவமழையோ பிற்பகலுக்கு மேல் வந்து பிடித்துக்கொள்ளும் குணமுடையது. இரண்டில் கடினமான பயணம் வீடு திரும்புவதுதான். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு. என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். கிளட்ச்சைப் பிடித்தபடியோ நியூட்ரலிலோ உருண்டு இறங்குவதைப் பெட்ரோல் மிச்சம் என்று சிலர் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே.

உன் வண்டி 2017-இல் வந்தது, அதில் ஏபிஎஸ் கிடையாது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலில்தான் அது கட்டாயமானது. அதனால் சக்கரம் பூட்டாமல் பிடிக்கும் வித்தையை உன் கைதான் கற்க வேண்டும். மழை நாளில் ஒரு காலி மைதானத்துக்குப் போய், 20 கிலோமீட்டர் வேகத்தில் முன்பிரேக்கை மெல்லத் தொட்டு, பிறகு படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகு. பின்பிரேக்கும் கூடவே வரட்டும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிடு. வண்டி சாய்ந்திருக்கும்போது பிரேக்கைத் தேடாதே. தேங்கிய தண்ணீரைக் கடந்தபின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் போ, ஈரம் காய்ந்துவிடும். பின்சக்கரத்தின் டிரம் பிரேக்குக்கு இது அவசியம்.

எல்லா ஈரமும் ஒரே ஈரமில்லை. மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம்தான் மோசமானது. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து மேலே வரும். முடிந்தால் அந்த நேரத்தை ஒரு டீக்கடையில் கழித்துவிடு. பலத்த மழை சாலையைக் கழுவியபின் பிடிப்பு ஓரளவு திரும்பும். யூகலிப்டஸ் இலை, பைன் ஊசி, சாலை நடுவே அடித்த வெள்ளைப் பெயின்ட், ஓரத்துப் பாசி, சாக்கடை மூடி என்று ஒவ்வொன்றின் வழுக்கலும் வேறு. கேத்தி பக்கம் கழுவிய கேரட் மூட்டைகளோடு வரும் லாரிகள் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். மழையே இல்லாத நாளிலும் வளைவு நனைந்திருப்பதைக் காண்பாய். தோட்டத்து மண்பாதை சாலையில் சேரும் இடங்களில் சேறும் உண்டு.

மேகம் இறங்கிவிட்டால் விளக்கைத் தாழ்த்தி வை. மேலே தூக்கினால் வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டு. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை ஒட்டிக்கொண்டு போகாதே. நிற்க வேண்டுமானால் சாலையை விட்டு முழுவதுமாக வெளியேறி நில். குன்னூர் வட்டாரத்தில் காட்டெருமைகள் இருட்டும் நேரத்தில் தேயிலைக்குள்ளிருந்து சாலைக்கு வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னும் சில நிற்கும். ஹாரன் அடிக்காமல் தூரத்திலேயே நிறுத்திக் காத்திரு.

டயரில் தேய்மான அடையாளம் தெரியும்வரை காத்திருப்பது சமவெளிக்காரர்கள் வழக்கம். மலையில் அதற்கு முன்பே மாற்று. குளிரில் ரப்பர் இறுகும், சூடாகவும் நேரமெடுக்கும். கிளம்பியதும் முதல் சில வளைவுகளில் நிதானம் தேவை. ஐந்தாறு டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். இங்கே மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டுக் காற்றுப் பிடித்துக்கொண்டு போனால், குன்னூரில் மறுநாள் காலை மறுபடி பார். காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது ஈரத்துக்குப் பொருந்தாது. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமானால் சரியான அழுத்தம் வேண்டும்.

காலையில் வண்டி உடனே எழும்பாவிட்டால் கோபிக்காதே. குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயில் கெட்டிப்படும், பேட்டரியின் சக்தியும் குறையும். சோக்கை இழுத்து, கிக்கரை உதைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பிறகு மெதுவாகக் கிளம்பு. மழைக்காலத்தில் செயினை வாராவாரம் பார். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சேற்றைத் துடைத்து, வண்டி ஓடி வந்த சூட்டோடு செயின் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க ஊற விடு.

தோழிகள் உன்னைப் பெரிய வண்டி வாங்கச் சொல்கிறார்களாம். உன் ஆசை எனக்குப் புரிகிறது. ராணுவத்துக்காக 1950-களில் திருவொற்றியூரில் உருவாக்கத் தொடங்கிய புல்லட்டின் சத்தத்தை வெலிங்டன் பக்கம் கேட்டுக் கேட்டு வளர்ந்த பித்து எனக்கும் உண்டு. ஆர்எக்ஸ் 100 ஏற்றத்தில் பாய்வதைப் பார்க்க அருவங்காட்டில் நின்றிருக்கிறேன். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் லெவர்குஸ் என்பவர் 1956-இல் தொடங்கி வைத்த யானைச் சந்திப்பு என்று ஒன்று நடக்கிறது. நடுக்குளிர்காலத்தில், பவேரியக் காட்டில், பனிமேல் வைக்கோல் பரப்பிக் கூடாரமடிப்பதற்காக ஆயிரக்கணக்கானோர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். அவர்களில் பலர் ஓட்டி வருவது பழைய வண்டிகளைத்தான். குளிருக்கென்று அவர்கள் தங்கள் கையாலேயே வண்டியில் செய்துகொண்ட ஏற்பாடுகளைத்தான் மற்றவர்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள். வண்டிப் பித்து என்றால் எனக்கு அதுதான் உயர்ந்தது. உன் 150 சிசி இந்தச் சாலைக்குத் தாராளமாகப் போதும். சேர்த்த பணத்தில் இரண்டு டயரும் ஒரு ஜோடி நல்ல கையுறையும் வாங்கு.

ஓட்டக் கூடாத நாட்களும் உண்டு. 2009 நவம்பரில் இதே மாவட்டத்தில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடு, லீவு போட நேர்ந்தாலும் சரி. டிசம்பர், ஜனவரியில் உறைபனி இறங்கும். குதிரைப் பந்தய மைதானம், தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களில் புல்வெளி வெள்ளையாகத் தெரிந்தால், வெயில் ஏறிச் சாலை காயும்வரை அந்தப் பக்கம் போகாதே. ஆபீஸ் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கேட்டுப் பார்.

டயரை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிட்டு எனக்குப் போன் செய். அதன்பிறகுதான் அண்ணியிடம் பேசுவேன்.

அன்புடன்,
சித்தப்பா