மலையில் ராத்தங்க இடம் பார்ப்பது எப்படி?

(எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி)

போன சுவர் இதழில் எல்லோரும் விண்வெளி, கணினி என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்தது எங்கள் தாத்தா சொன்னதுதான். மலையில் கட்டில், விளக்கு, கூரை எதுவும் இல்லாமல் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்றால் எந்த இடத்தில் படுப்பது? அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. சிரிக்காமல் படிக்கவும்.

எங்கள் தாத்தா தேனி மாவட்டத்தில் மலைமாடு மேய்த்தவர். வனத்துறையில் மேய்ச்சல் பாஸ் வாங்கிக்கொண்டு மாட்டோடு மலை ஏறினால் வாரக்கணக்கில் இறங்கமாட்டார். பொழுது சாயும்போது மாடு எங்கே நிற்கிறதோ, அதற்குப் பக்கத்தில் இடம் பார்த்துப் பட்டி போட வேண்டும். 2021-ல் அந்த மலைகள் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆயின. 2022-ல் புலிகள் காப்பகங்களுக்குள் மேய்க்க நீதிமன்றத் தடையும் வந்தது. புலிக்கும் இடம் வேண்டும்தான். தாத்தா மாடுகளை விற்றுவிட்டார். இப்போது திண்ணையில்தான் படுக்கிறார். அவருக்குத் தெரிந்ததைக் கேட்டுக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அண்ணன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதனால் நான் கேட்டேன்.

"வாயால சொன்னா வராது, வா" என்று ஊருக்குப் பின்னால் இருக்கும் கரட்டுக்குக் கூட்டிப்போனார். அது காட்டு எல்லைக்கு வெளியே உள்ள சின்னக் கரடு. "தாயி, இன்னிக்கு ராத்திரி இங்கனதான் படுக்கப்போறோம்னு வச்சுக்க. எடம் பாரு" என்றார்.

நான் நேரே ஓடைக்குப் போனேன். தண்ணீர் இல்லை. மெத்தை மாதிரி மணல், ரெண்டு பக்கமும் நிழல். இதைவிட நல்ல இடம் உண்டா? தாத்தா ஒன்றும் சொல்லாமல் அண்ணாந்து ஒரு இலந்தைக் கிளையைக் காட்டினார். என் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் காய்ந்த சருகும் வைக்கோலும் ஒரு பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன. போன ஐப்பசி மழையில் தண்ணீர் அந்த உயரத்துக்கு ஓடியிருக்கிறது!

நாம் படுத்திருக்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை பெய்யாமலேயே ஓடையில் வெள்ளம் வரும். மேலே மலையில் பெய்த மழை எல்லாம் அந்த ஒரே வழியில்தானே இறங்க வேண்டும். பாறை தண்ணீரைக் குடிக்காது, வழித்து அனுப்பிவிடும். சதுரகிரி மலையில் 2015 மே மாதம் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்து பக்தர்கள் சிலர் இறந்துபோனார்கள். அது கோடை மழைக் காலம். ஓடையில் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, சாமானை எடுக்கக்கூட நிற்காமல் பக்கவாட்டில் மேட்டில் ஏறிவிட வேண்டும் என்று தாத்தா சொன்னார்.

பிறகு அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியம். அப்படியே எழுதுகிறேன்: "மலையில சமதளம் சும்மா கெடைக்காது தாயி. தண்ணி பரப்பி வச்சிருக்கும், இல்லன்னா ஆனை மிதிச்சு வச்சிருக்கும், இல்லன்னா மனுசன் வெட்டி வச்சிருப்பான். யாரு போட்ட சமதளம்னு மொதல்ல கேளு. அப்புறம் துண்டை விரி."

இதைக் கேட்ட பிறகும் நான் ரெண்டாவது தடவையும் தோற்றேன். இரண்டு மேட்டுக்கு நடுவில் வழவழவென்று ஓர் இடம் தெரிந்தது. தாத்தா சிரித்தார். இந்தக் கரட்டில் அது ஆட்டுத்தடம், மேலே பெரிய மலையில் அப்படிப்பட்ட கணவாய் எல்லாம் யானைத்தடம். யானையும் நம்மைப் போலத்தான், ஏற்றம் குறைவான வழியில் போகும். தடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இலத்தி கிடக்கும். மரத்தில் ஆள் உயரத்துக்கு மேலே சேறு தேய்த்திருக்கும். "அது வீட்டு வாசல்ல நாம படுத்துக்கிட்டு அதைக் குத்தம் சொல்லக்கூடாது" என்றார்.

மூன்றாவதாக நான் காட்டியது ஒரு பள்ளம். காற்று அடிக்காது, கதகதப்பாக இருக்கும் என்று நினைத்தேன். இதுவும் தப்பு. உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும் என்று நாம் படித்திருக்கிறோம். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். ஆனால் மேகம் இல்லாத ராத்திரியில் இது தலைகீழாக மாறும். தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் பள்ளத்தில் இருப்பவன் நடுங்குவான், கொஞ்சம் மேலே படுத்தவன் நன்றாகத் தூங்குவான். தாத்தா அறிவியல் படிக்கவில்லை. "குளிரும் தண்ணி மாதிரிதான், பள்ளம் பாத்துத்தான் ஓடும்" என்றார். வெப்பச்சலனப் பாடம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சரிவில் புல் இருந்ததே, அங்கே படுக்கலாமா என்று கேட்டேன். தாத்தா முகம் மாறிவிட்டது. 11.3.2018 அன்று குரங்கணி மலையில் புல்லில் தீப்பிடித்து மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்ததை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அப்போது நான் சின்னப்பிள்ளை. தீ சமதளத்தைவிட மேல்நோக்கி மிக வேகமாக ஓடும். சுடர் மேலே சாய்ந்து அடுத்த புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடுகிறது. பகலில் மலைக்காற்றும் கீழிருந்து மேலேதான் அடிக்கும். மனிதன் மேலே ஓடினால் மூச்சு வாங்கும், தீக்கு வாங்காது. மாசி, பங்குனியில் தாத்தா வெறும் பாறையை ஒட்டி அல்லது மாடு மேய்ந்து ஒட்டக் கத்தரித்த இடத்தில்தான் படுப்பாராம். எரிய ஒன்றும் இல்லாத இடத்தில் தீ நின்றுவிடும்.

தண்ணீருக்குப் பக்கத்தில் படுக்கலாமா என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இருந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமே! சமூக அறிவியல் ஆசிரியரிடம் கேட்டேன். அமெரிக்காவில் தேசியக் காடுகளில், குழாய், கழிப்பறை எதுவும் இல்லாத இடத்திலும் மக்கள் தங்கலாமாம், பொதுவாக 14 நாள் வரை. ஆனால் ஓடை, ஏரியிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித் தங்கச் சொல்கிறார்களாம். தண்ணீர் அசுத்தமாகாமல் இருக்கவும், மிருகங்கள் பயமில்லாமல் வந்து குடிக்கவும். தாத்தாவிடம் 60 மீட்டர் என்றேன். அவருக்கு மீட்டர் கணக்கு எல்லாம் கிடையாது. "தண்ணி எரையிற சத்தம் கேக்காத தூரத்துல படு. சத்தத்துல படுத்தா காது அவிஞ்சுபோகும். எது வந்தாலும் தெரியாது" என்றார். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மீதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். படுக்கும் முன் அண்ணாந்து பார்க்க வேண்டும், பட்ட கிளை காற்று இல்லாமலும் விழும். இடி மழைக் காலத்தில் மேட்டின் உச்சியும் தனி மரமும் கூடாது. லேசான சரிவு இருந்தால் தலை மேட்டுப்பக்கம். பொழுது இருக்கும்போதே இடம் பார்க்க வேண்டும், இருட்டிய பிறகு எல்லா இடமும் நல்ல இடமாகத் தெரியும்.

ஒன்று முக்கியம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவது குற்றம், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மலைக்கு ஓடக்கூடாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இணையத்தில் பதிவு செய்து போகும்படி 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. வழிகாட்டியும் கூட வருவார்.

நான்காவது தடவை நான் அவசரப்படவில்லை. கரட்டின் இடுப்பு மாதிரி ஓர் இடம். ஓடை கீழே தூரத்தில். பின்னால் வெயிலில் காய்ந்த பாறை, தொட்டால் சூடு. மேலே கிளை இல்லை, தடம் இல்லை, புல் இல்லை. யார் போட்ட சமதளம் என்று தேடினேன். பழைய கல் வரப்பு ஒன்று தெரிந்தது, யாரோ எப்போதோ கம்பு விதைத்திருக்கிறார்கள். "மனுசன் போட்டது தாத்தா" என்றேன்.

தாத்தா சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. துண்டை உதறி விரித்து, மேட்டுப்பக்கம் தலை வைத்துப் படுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. நான் எறும்பு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.